நாக்கில் ஒட்டும் எலும்பு

மிஸ்ரி கானின் நாக்குக்கு அந்த முகாமில் தனி மரியாதை இருந்தது. சக்வால் பக்கத்து மலைகளில் எலும்பு தேடி நடக்கிறவன் எவனும், கையில் எடுத்தது கல்லா எலும்பா என்று சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்பான். கல் வழுக்கிவிடும். மண்ணுக்குள் கிடந்து கல்லாகிப்போன எலும்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளும். இது ஊரறிந்த சங்கதிதான். ஆனால் மிஸ்ரி கான் நாக்கில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு "மான்" என்பார், "யானைக்குட்டி" என்பார், "முதலை, முதுகுப் பக்கம்" என்பார். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். இதையெல்லாம் நாக்கு சொல்லாது என்று அவருக்குத் தெரியாதா? வாய்க்குக் கொண்டுபோகிற வழியிலேயே விரல்கள் ஒரு சுற்று தடவிப் பார்த்துவிடும். அந்த வித்தையை யாரிடமும் மூச்சுவிடாமல் பதினெட்டு வருஷம் ஓட்டிவிட்டார். மனுஷனுக்குக் கொஞ்சம் பெருமை இருக்கலாம். அவருக்கு மூட்டை மூட்டையாக இருந்தது.

ஒவ்வொரு குளிர்காலமும் லாகூரிலிருந்து பழங்கால எலும்பை ஆராய்கிற டாக்டர் தஸ்னீம் அம்மா இரண்டு ஜீப்பும் ஆறு கூடாரமுமாக வந்து இறங்குவார். ஜீலம் ஆற்றுக்கு அந்தப் பெயர் பிறப்பதற்கு எத்தனையோ லட்சம் வருஷம் முன்னால் இங்கே வேறொரு பேராறு ஓடியது. அது படுக்கையில் விட்டுப்போன மணல் சாம்பல் நிறப் பாறையாகவும், வெள்ளத்தில் கரையேற்றிய சேறு சிவப்புக் களிமண்ணாகவும் மலை முழுக்க அடுக்கடுக்காக நிற்கிறது. மழை அரிக்க அரிக்க அந்த அடுக்குகளிலிருந்து எலும்பு எட்டிப் பார்க்கும். மாடும் மானும் குதிரையும் கொள்ளை கொள்ளையாக வரும். பூனை மட்டும் வராது. டாக்டர்ஜி தேடி வந்ததோ பூனையை. மேல்தாடையிலிருந்து கத்தி மாதிரி இரண்டு பல் தொங்கும் பெரும் பூனை. பதினெட்டு வருஷத்தில் அவருக்குக் கிடைத்தது உடைந்த பல் இரண்டு, குதிகால் எலும்பில் பாதி. அவ்வளவுதான்.

"ஆறு எத இழுக்கும்? தண்ணிக்கு வர்றத இழுக்கும்," என்று மிஸ்ரி கான் சமாதானம் சொல்வார். "பூனைக்கு அறிவு உண்டு டாக்டர்ஜி. வெள்ளத்தப் பாத்ததும் மேட்டுக்கு ஏறிக்கிட்டிருக்கும்."

"எல்லாப் பூனையுமா அறிவாளி? ஒரு முட்டாளாவது இருந்திருக்கும்ல. அதக் கொண்டாங்க, போதும்," என்பார் டாக்டர்ஜி.

முகாமில் சட்டம் ஒன்று உண்டு. கண்டதை எடுக்கக் கூடாது. பக்கத்தில் மூன்று கல்லை அடுக்கிவைத்துவிட்டு வந்து டாக்டர்ஜியைக் கூட்டிப்போக வேண்டும். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத எலும்பு அவருக்கு எலும்பே அல்ல. அப்புறம், நல்லதாக ஒன்று கிடைத்த இடத்துக்குக் கண்டவனின் பெயரையே வரைபடத்தில் எழுதிவிடுவார். மிஸ்ரி கான் பெயரில் ஏழு இடம் இருந்தது. அவருடைய மனைவியின் தம்பி தோராப் பெயரில் ஒன்றே ஒன்று. அதன் பெயர் 'தோராப் ஆமை'.

அந்த ஆமையை வைத்து மிஸ்ரி கான் மைத்துனனைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. இதையும் சொல்லத்தான் வேண்டும், அவரை அப்பாவி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தோராப் ஒரு தாடைத் துண்டைக் கண்டுபிடித்தான். மூன்று கல் அடுக்கிவிட்டு, "பூனை, பூனை" என்று நெஞ்சு வெடிக்க ஒன்றரை மைல் ஓடி வந்தான். முகாமே திரண்டு போனது. மிஸ்ரி கான் குனிந்து எடுத்தார், நாக்கில் வைத்தார், பிறகு எல்லோரும் பார்க்க அதைத் தூவென்று துப்பிவிட்டு, "பன்னி," என்றார். "உன் மூஞ்சிக்கு ஆமையே ஜாஸ்தி. போய் டீ போடு." சொன்னது உண்மைதான். ஆனாலும் துப்பாமல் சொல்லியிருக்கலாம்.

இந்த வருஷம் மிஸ்ரி கானின் இடது கண் பாலாடை படிந்த மாதிரி ஆகிவிட்டது. வலது கண்ணும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. மனைவி ஜன்னத் பீபியிடம்கூட அவர் சொல்லவில்லை. எலும்புக்காரனுக்குக் கண் போனால் என்ன ஆகும் என்று அவர் பார்த்திருக்கிறார். அவருக்கு முன்னால் எலும்பைக் கண்டுபிடிப்பதில் பெரிய கண்ணுக்காரராக இருந்தவர் கடைசி இரண்டு வருஷம் சமையல் கூடாரத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு கிடந்தார். போகிறவன் வருகிறவனெல்லாம் அவர் கையில் உருளைக்கிழங்கைக் கொடுத்து, "இது என்ன எலும்பு?" என்று கேட்பான். அப்படிக் கேட்டுச் சிரித்தவர்களில் மிஸ்ரி கானும் ஒருவர். அந்த உருளைக்கிழங்கு தன் கைக்கு வந்துவிடக் கூடாது, நடக்கிறவர்களோடு நடந்தே காலம் போக வேண்டும். அவர் அல்லாவிடம் கேட்டதெல்லாம் இந்த ஒன்றைத்தான்.

தோராப் கண்கொத்திப் பாம்பாக அவரைக் கவனித்துக்கொண்டிருந்தான். அக்கா புருஷன் பாதை தடுமாறுவதையும், எல்லோரும் பார்த்துவிட்ட மானின் கொம்பை மிதித்துக்கொண்டு போவதையும் பார்த்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது நல்லதனம்.

முகாமுக்குக் காலூ என்று ஒரு கறுப்பு நாய் இருந்தது. போன சீசனில் செத்துப்போனது. மிஸ்ரி கான்தான் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துப் போட்டு அதை வளர்த்தவர். கருவேல மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தவரும் அவரே. அந்தக் குழியைத் தோராப் தோண்டினான். தாடையை எடுத்து, பூனைக்கு இருக்கக் கூடாத பின்பற்களைத் தட்டி உதிர்த்து, நீளத்தைக் குறைத்தான். வறட்டி நெருப்பில் போட்டுச் சுட்டான். சுட்ட எலும்பும் நாக்கில் ஒட்டும், இது எலும்புக்காரனுக்குத்தான் தெரியும். கனக்குறைவு காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று ஒரு மணற்பாறைக் கட்டியில் சுண்ணாம்பு வைத்துப் பதித்து, சிவப்பு மண்ணைப் பூசி, மிஸ்ரி கான் வழக்கமாக நடக்கும் ஓடையில் கொண்டுபோய் வைத்தான். இத்தனை சிரத்தையை அவன் தேடுவதில் காட்டியிருந்தால் அவன் பெயரிலும் ஏழு இடம் இருந்திருக்கும்.

மறுநாள் மிஸ்ரி கான் மூன்று கல் அடுக்கிவிட்டு வந்து கூப்பிட்டார். ஓடி வரவில்லை. பெரிய மனுஷர், நடந்துதான் வந்தார். முகாமே அவர் பின்னால் போனது.

"நாக்கு என்ன சொல்லுது, மிஸ்ரி பாய்?" என்று டாக்டர்ஜி கேட்டார்.

மிஸ்ரி கான் கட்டியைத் தூக்கி, பல்லின் மேல் நாக்கை வைத்தார். கண்ணை மூடினார். எல்லோருக்கும் காட்டவேண்டும் என்றே வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தார்.

"பூனை, டாக்டர்ஜி."

டாக்டர்ஜி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. அந்த நேரம் பார்த்துத் தோராப் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தான். "காலூ! வாடா காலூ, தோ தோ! உன்னோட பழைய எசமான் உனக்கு முத்தம் குடுக்குறாரு பாரு."

அந்த ஓடையில் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன் எழுந்ததில்லை. சமையல்காரன் பஷாரத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். டாக்டர்ஜி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டார். ஆனால் அவர் தோள் குலுங்கியது. எதையெதையோ காட்டாத மிஸ்ரி கானின் கண் அதை மட்டும் தெளிவாகக் காட்டியது.

அவர் கட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடையின் கீழ்ப்பக்கம் போனார். தண்ணீரை அள்ளி அள்ளி வாய் கொப்பளித்தார். நாய் வாய் பட்டதைக் கழுவுகிற மார்க்கக் கணக்குப்படி ஏழு தடவை கொப்பளித்தார், அதில் ஒரு தடவை சிவப்பு மண்ணைக் கரைத்து. அவர் அங்கே துப்பிக்கொண்டிருந்தபோதுதான் மேலே டாக்டர்ஜி சிரிப்பை அடக்கிக்கொண்டு தோராப்பை வெளுத்து வாங்கினார். "இது விளையாட்டு இல்ல. பொய்யான ஒரு எலும்பு புஸ்தகத்துல ஏறினா என் பொழப்பே போச்சு. இன்னொரு தடவ எவனாவது இப்படி வச்சான், அன்னைக்கே மூட்டையக் கட்டிக்கலாம்." தோராப் காதைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தான். அந்தச் சத்தியத்தை அங்கிருந்த எல்லோரும் கேட்டார்கள், மிஸ்ரி கானைத் தவிர.

"காஞ்ச எலும்புக்குத் தீட்டு ஒண்ணும் இல்லப்பா, கொப்பளிச்சிட்டேல்ல, போதும்," என்று பள்ளிவாசல் மௌல்வி சொல்லிவிட்டார். மார்க்கம் அவரை அன்றைக்கே விட்டுவிட்டது. மனுஷர்கள் விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பஷாரத், "சாச்சா, உப்பு சரியா இருக்கா, இல்ல காலூவே மேலா?" என்று கேட்டான். படுக்கையில் யாரோ ஆட்டெலும்பைப் போட்டு வைத்தார்கள். வீட்டுக்குப் போன வெள்ளிக்கிழமை, ஜன்னத் பீபிக்கும் சங்கதி தெரிந்திருந்தது. டீயைக் காது உடைந்த கோப்பையில் கொடுத்தாள். குடித்து முடித்ததும் அதைக் கழுவி மற்ற கோப்பைகளோடு வைக்காமல் ஜன்னல் மாடத்தில் தனியாகக் கவிழ்த்தாள். முப்பத்தொரு வருஷம் சேர்ந்து குடித்தனம் நடத்தியவள்.

டாக்டர்ஜி அடுத்த வாரம் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மிஸ்ரி பாய், கண்ணு தெரியல, இல்லையா?"

"தெரியுது."

"என் கையில என்ன இருக்கு?"

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். கையில் ஒன்றுமே இல்லை என்பது பிறகு பஷாரத் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

"கொஞ்ச நாள் தண்ணி கொண்டு வர்ற வேலையப் பாத்துக்குங்க. கழுத பழகினது, வழி அதுக்கே தெரியும்."

உருளைக்கிழங்கு இல்லை, கழுதை. அவ்வளவுதான் வித்தியாசம். தினமும் இரண்டு நடை ஊற்றுக்குப் போய்க் கழுதையின் இரண்டு பக்கக் கூடையிலும் தண்ணீர் டின்களை ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரே ஒரு முடிவு மட்டும் எடுத்தார்: இனி எந்த எலும்பையும் நாக்கில் வைப்பதில்லை. பயல்கள் இன்னொரு தடவை முயன்று பார்க்கத்தான் போகிறார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம். அந்த நாளுக்காகக் காத்திருந்தார் என்றே சொல்ல வேண்டும்.

பிப்ரவரியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலையில் ஊற்றுக்குப் போனபோது, அவர் தினமும் உட்காரும் தட்டைக் கல்லுக்குப் பக்கத்தில் கழுதை நின்றுவிட்டது. எதையோ முகர்ந்து செருமியது. மிஸ்ரி கான் கையை நீட்டித் துழாவினார்.

விரல்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வட்டமான நெற்றி, முன்பக்கம் பார்க்கும் இரண்டு கண்குழிகள், குட்டையான மூக்கு. அதற்குக் கீழே, மேல்தாடையிலிருந்து இறங்கிய இரண்டு பல். பட்டையாக, பின் ஓரத்தில் அரம் மாதிரி நுணுக்கமான பற்களோடு, அவருடைய உள்ளங்கை நீளத்துக்கு இருந்தன. இரண்டும் முழுசு. நுனிகூட உடையவில்லை. யா அல்லா, முட்டாள் பூனையே, நீ எனக்காகவா விழுந்தாய் என்று நினைத்தார். பழக்கத்தில் கை தானாக மண்டையோட்டை வாய்க்குத் தூக்கியது.

உதட்டுக்கு நாலு விரற்கடையில் கை நின்றது. சீட்டிச் சத்தம் நினைவுக்கு வந்துவிட்டது.

முழு மண்டையோடு யாருக்குக் கிடைக்கும்? பதினெட்டு வருஷத்தில் பாதிக் குதிகால். அதுவும் எங்கே? தண்ணீர் எடுக்கிற வழியில், அவர் உட்காருகிற கல்லுக்குப் பக்கத்தில், நிமிர்த்தி வைத்த மாதிரி. முந்தாநாள்வரை இங்கே ஒன்றும் கிடையாது. தலைக்கு மேலே கரையில் மழைக்குச் சரிந்த மண் பச்சைப் புண்ணாகத் திறந்து கிடந்தது. சாம்பல் நிற மணற்பாறையில், அந்த மண்டையோடு பெயர்ந்து விழுந்த குழிகூட அச்செடுத்த மாதிரி இருந்தது. நல்ல கண் உள்ளவன் அதை ஒரு பார்வையில் பார்த்திருப்பான். அவருக்கு அது வெறும் மங்கலான மேடு. தூரத்து மேட்டில் ஆட்டுக்காரன் எவனோ ஆடுகளைப் பார்த்துச் சீட்டியடித்தான். மிஸ்ரி கானுக்கு அது போதுமாக இருந்தது.

"இந்தத் தடவ சிமென்ட்டா," என்று கழுதையிடம் சொன்னார். "கனம்கூட சரியாப் பண்ணியிருக்கான், ராஸ்கல்."

மூன்று கல்லை அடுக்கவில்லை. மண்டையோட்டைக் கூடையில் போட்டு, எதிர்ப்பக்கத்துக்கு ஒரு டின் தண்ணீரைக் கனத்துக்கு வைத்து, முகாமுக்கு ஓட்டினார். வழியெல்லாம் அவர் நெஞ்சில் நாலு வாரம் கழித்து ஒரு நிம்மதி இருந்தது. இன்றைக்கு எல்லோரும் பார்ப்பார்கள். மிஸ்ரி கானை இரண்டாவது தடவை முட்டாளாக்க முடியாது என்று தெரிந்துகொள்வார்கள். நாளைக்கே நடக்கிறவர்களோடு நடக்கலாம். கண் இல்லாவிட்டால் என்ன, புத்தி இருக்கிறதே.

எல்லோரும் சோள ரொட்டியும் கடுகுக் கீரையுமாக மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நேராகப் போய், பஷாரத் கறி வெட்டும் கல்லின் மேல் மண்டையோட்டை வைத்தார்.

தோராப் எழுந்து நின்றான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "பாய்ஜி, இது எங்க கெடச்சது?"

"ஏன், நீ வச்ச எடம் ஒனக்கே மறந்துபோச்சா?"

"நான் ஒண்ணும் வைக்கல. ஆணையாச் சொல்றேன், நான் வைக்கல."

"அன்னைக்கும் முழிச்சுக்கிட்டுத்தான நின்ன? நல்லா நடிக்கிற, தம்பி."

அவர் கூடார வாசலில் கிடந்த டாக்டர்ஜியின் சுத்தியலைக் கையில் எடுத்தார். தோராப் இரண்டு எட்டு முன்னால் வந்தான். அவன் பயத்தைப் பார்த்து மிஸ்ரி கானுக்குச் சந்தோஷமாக இருந்தது. முதல் அடி ஒரு பல்லில் விழுந்தது. அது மூன்று துண்டாகப் பறந்தது.

"நிறுத்துங்க, மிஸ்ரி பாய், நிறுத்துங்க!" டாக்டர்ஜி கூடாரத்துக்குள்ளிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. இந்த அம்மாவும் கூட்டு என்று மிஸ்ரி கான் நினைத்துக்கொண்டார். அன்றைக்குத் தோள் குலுங்கச் சிரித்தவர்தானே. இரண்டாவது அடி முகத்தில் விழுந்தது. தோராப் பாய்ந்து கையைப் பிடிப்பதற்குள் மூன்றாவது அடி நடுமண்டையில் இறங்கியது.

மண்டை இரண்டாகப் பிளந்தது. உள்ளிருந்து முஷ்டி அளவுக்கு ஒரு கல் உருண்டு வந்து ரொட்டிக் கூடையில் மோதி நின்றது. யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வரும் வரும் என்று மிஸ்ரி கான் காத்திருந்தார், வரவில்லை.

டாக்டர்ஜி மண்டியிட்டு அந்தக் கல்லைக் கையில் எடுத்தார். சாம்பல் நிற ஆற்று மணல், அபிரகத் துகள்கள் வெயிலில் மினுங்கின. எந்த ஆறு அந்தப் பூனையை இழுத்துப் போனதோ, அது மூளை இருந்த இடத்தில் தன் மணலை நிரப்பியிருந்தது. மூளையின் மடிப்பு ஒவ்வொன்றும் அந்தக் கல்லில் பதிந்திருந்தது. அதை எந்தத் தோராப்பும் வறட்டி நெருப்பில் செய்ய முடியாது. டாக்டர்ஜி அழவில்லை, திட்டவும் இல்லை. சிதறிய துண்டுகளில் ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு எழுந்து மிஸ்ரி கானுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நாக்கு என்ன சொல்லுது, மிஸ்ரி பாய்?"

"டாக்டர்ஜி, விடுங்க," என்றான் தோராப். அவன் அழுதுகொண்டிருந்தான். "வேணாம் டாக்டர்ஜி. தப்பு என்னுது."

"நீ பேசாத." அவர் கை நீட்டியபடியே இருந்தது. "சொல்லுங்க. பதினெட்டு வருஷமாச் சொன்னீங்களே."

மிஸ்ரி கான் துண்டை வாங்கினார். விரலால் தடவிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் முன்னால், பச்சைக் குழந்தை மருந்துக்கு வாயைத் திறப்பதுபோல் திறந்து, அதை நாக்கில் வைத்தார். கண்ணை மூடவில்லை.

அது ஒட்டிக்கொண்டது. கையை எடுத்த பிறகும் விழாமல் நாக்கின் நுனியில் நின்றது. எடுத்தால் பேச வேண்டும் என்பதால் அவர் அதை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு எடுத்தார்.

"பூனை, டாக்டர்ஜி," என்றார்.